விட்டுவைக்கும் வித்தை

வியன்னா நகரத்து ஆல்பர்ட்டீனா சித்திரசாலையில், பெரும்பாலான காலம் வெளிச்சம் படாத பெட்டகத்துக்குள் பத்திரப்படுத்தப்பட்டு, அபூர்வமாகச் சில நாட்கள் மட்டும் ஜனங்களின் பார்வைக்கு வைக்கப்படுகிற ஒரு காகிதம் இருக்கிறது. ஒரு சாண் அகலமும் அதற்குச் சற்றே அதிகமான உயரமும் கொண்ட அந்தக் காகிதத்தில், நியூரம்பர்க் நகரவாசியான ஆல்பிரெக்ட் டியூரர் என்னும் ஓவியர், 1502-ஆம் ஆண்டில் ஒரு முயலை வரைந்து, கீழே தம் பெயரின் முதலெழுத்துக்களையும் ஆண்டையும் பொறித்து வைத்தார். முயலுக்குப் பின்னால் காடு இல்லை, புதர் இல்லை, தரை என்று சொல்லத்தக்க ஒரு கோடுகூட இல்லை. அது எங்கோ உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அதன் நிழல் ஒன்றே சாட்சி. ஆயினும், காதின் ஓரத்து மெல்லிய ரோமமும், மார்பிலே சுழித்து மடியும் ரோமமும், முதுகிலே ஒரே திக்காகப் படிந்து கிடக்கும் ரோமமும் வெவ்வேறு ஸ்பரிசமுடையவை என்பது கண்ணாலேயே தெரியும்படி அமைந்திருப்பதோடு, அதன் கண்மணியில் ஒரு ஜன்னலின் பிரதிபிம்பம் குறுக்குச் சட்டத்தோடுகூட மினுங்குகிறது.

மறு ஆண்டிலே அவர் வரைந்தது இன்னும் விசித்திரமான விஷயம். யாரும் மிதித்துக்கொண்டு போகும் ஒரு பிடிப் புல்தரையை, அதன் சேற்று மண்ணோடும் வேரோடும் பெயர்த்தெடுத்து மேஜைமேல் வைத்தாற்போலக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, அகன்ற இலைப் பூண்டையும், இதழ் மூடிக் கூம்பி நிற்கும் டாண்டலியன் மொட்டுக்களையும், ஒன்றோடொன்று பின்னி நிற்கும் புல்லிதழ்களையும், எதற்கும் பெருமை கொடாமல், எதையும் சிறுமைப்படுத்தாமல் அவர் தீட்டிவைத்த அந்தச் சித்திரத்தைத் தாவர சாஸ்திரிகள் பார்த்து, ஒவ்வொரு பூண்டுக்கும் பெயர் சொல்லியிருக்கிறார்கள். தெய்வத் திருவுருவங்களும் அரசர்களின் முகங்களுமே சித்திரத்துக்குத் தக்க விஷயங்கள் என்று ஐரோப்பா எண்ணியிருந்த காலத்தில், ஒரு கைப்பிடிப் புல்லுக்கு முழுக் காகிதத்தையும் ஒதுக்கியவரின் துணிவை நாம் எளிதில் உணர முடிவதில்லை.

இத்தகைய சித்திரங்களைப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் முதலில் எழுகின்ற வியப்பு, எத்தனை ரோமம், எத்தனை புல், எத்தனை நாள் பொறுமை என்பதே. ஓவியர் ஒவ்வொரு ரோமமாக எண்ணி வரைந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, தமக்கு அவ்வளவு பொறுமை இல்லை என்ற பெருமூச்சோடு பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுகிறவர்களும் உண்டு. உண்மையில் டியூரர் முதலில் செய்தது முயலின் உடல் முழுவதும் மெல்லிய பழுப்பு நீரைப் படரவிட்டதுதான். ரோமத்தின் மென்மை அந்தப் படர்ந்த வர்ணத்திலேயே பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. அதன் பிறகு, ரோமம் திசை மாறுகிற இடங்களிலும், வெளிச்சம் நிழலைச் சந்திக்கிற இடங்களிலும், கருமையாகச் சில கீற்றுக்களையும் வெளுப்பாகச் சில கீற்றுக்களையும் இட்டார். மீதியை நம் கண்ணே எழுதிக்கொள்கிறது. நீர்வர்ணத்தில் இயற்கையை உள்ளது உள்ளவாறு காட்டுவது என்பது எல்லாவற்றையும் வரைந்து தீர்ப்பதன்று. எதை வரையாமல் விட்டுவைப்பது, எந்த இடத்தில் மட்டும் பிரயாசையைச் செலவிடுவது என்ற தீர்மானமே அதன் உயிர்நிலை என்பது என் அபிப்பிராயம்.

இதற்குக் காரணம் அந்த வர்ணத்தின் ஸ்வபாவத்திலேயே இருக்கிறது. நிறப்பொடியை வேலம்பிசினில் குழைத்துக் கட்டியாக்கினால் அது நீர்வர்ணம். ஈரப் பிரஷ் பட்டவுடன் கரைந்து, காகிதத்தின்மேல் கண்ணாடிபோல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. மேலே விழும் ஒளி அந்தப் படலத்தை ஊடுருவிச் சென்று, அடியிலுள்ள வெள்ளைக் காகிதத்தில் மோதி, மீண்டும் அதே படலத்தின் வழியாகத் திரும்பி நம் கண்ணை அடைகிறது. எண்ணெய் வர்ணக்காரர் வெளிச்சம் வேண்டுமானால் வெள்ளை வர்ணத்தை மேலே அப்பிக்கொள்ளலாம். நீர்வர்ணக்காரருக்குக் காகிதத்தைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. ஆகவே அவர் வெளிச்சத்திலிருந்து இருட்டை நோக்கியே நடக்கவேண்டியவராகிறார். கடைசியில் எது பளபளக்க வேண்டுமோ அதை முதல் நிமிஷத்திலேயே நிச்சயித்து, அந்த இடத்தில் ஈரம் படாமல் காத்துக்கொண்டே மற்றவற்றைச் செய்ய வேண்டும். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் கேக் வர்ணப் பெட்டியில் வெள்ளைக் கட்டி ஒன்று இருப்பதும், அதை எல்லா நிறத்தோடும் கலந்து அவர்கள் படத்தை வெளிறடித்துவிடுவதும் நாம் அறிந்ததே. அந்தக் கட்டியை ஆரம்பத்தில் ஒளித்து வைத்துவிடுவது நல்லது.

ஆரம்பத்தில் என்றுதான் சொன்னேன். இங்கிலாந்தில் நீர்வர்ணக் கலை செழித்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஒளிபுகாத வெள்ளையைத் தொடுவதே ஓர் அபசாரம் என்று கருதிய சுத்தர்கள் தோன்றினார்கள். ஆனால் முயலின் மீசையை டியூரர் வெள்ளையால்தான் இழுத்தார். பறவைக் கூடுகளையும் பழங்களையும் வரைந்து புகழ்பெற்று, கூட்டின் பெயராலேயே பட்டப்பெயரும் பெற்ற வில்லியம் ஹென்றி ஹண்ட் என்பவர், காகிதத்தின்மேல் முதலில் வெள்ளையைப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் நுண்ணிய புள்ளிகளாலும் கீற்றுக்களாலும் நிறமேற்றி, முட்டையோட்டின் மெருகையும் திராட்சையின் மேலுள்ள சாம்பல் பூப்பையும் கொண்டுவந்தார். விதி என்பது கற்றுக்கொள்ளும் காலத்துக்கு உதவி. கை தேர்ந்தவர்கள் தங்கள் வழியைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

சாமக்கிரியைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பஞ்சுக் காகிதமானால் ஈரத்தில் அவ்வளவாக நெளியாது; நுண்ணிய வேலைக்கு அழுத்தி மழமழப்பாக்கிய பரப்பே உகந்தது, சொரசொரப்பான பரப்பு மேகத்துக்கும் பாறைக்கும் பயன்படும். சைபீரியாவில் வாழும், கீரியைப் போன்ற ஒருவகைப் பிராணியின் வால் ரோமத்தால் செய்த பிரஷ் விலை மிகுந்தது. ஆனால் வயிறு நிறைய நீரைத் தாங்கிக்கொண்டு நுனியிலே ஊசிபோல் கூடும் குணம் அதற்கு இருப்பதால், மலிவான பிரஷ் பத்து வாங்குவதைவிட அப்படிப்பட்டது ஒன்று வாங்குவது உத்தமம். நம் நாட்டுச் சிற்றோவியர்கள் அணிலின் வால் ரோமத்தைக் கொண்டு இதே காரியத்தைச் சாதித்து வந்தார்கள்.

இனி, ஓர் இலையை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்த் தெருக்களிலும் பள்ளிக்கூட மைதானங்களிலும் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தடியில், மஞ்சளும் ஆரஞ்சும் அரக்குச் சிவப்பும் ஒன்றிலொன்று கலந்து, இடையிடையே பச்சை தீராத திட்டுக்களோடு, உள்ளங்கையைவிட அகன்ற இலைகள் உதிர்ந்து கிடக்கும். விலை கொடுக்க வேண்டாத, அசையாத, ஒரு நாளைக்குள் வாடிச் சுருண்டுவிடாத அந்த இலையைவிட நல்ல குரு கற்றுக்குட்டிக்குக் கிடைப்பது அரிது. அதை ஒரு வெள்ளைத் தாள்மேல் வைத்து, இடப்பக்கத்து ஜன்னலிலிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி அமைத்துக்கொண்டு, பிரஷ்ஷைத் தொடாமல் முதலில் பார்க்க வேண்டும். இலை என்றவுடன் நம் மனம் ஒரு பொது இலையைக் கற்பித்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவாய், நரம்புகள் எதிரெதிராய், நிறம் ஒரே சீராய் உள்ள அந்தக் கற்பனை இலை உலகத்தில் எங்கும் இல்லை. எதிரே கிடக்கிற இலையிலோ நடுநரம்பு நேராக ஓடாமல் மெல்ல வளைகிறது. பக்கநரம்புகள் எதிரெதிரே புறப்படாமல் மாறிமாறிப் புறப்படுகின்றன. ஒரு விளிம்பு மேலெழும்பி ஒளியை வாங்கிக்கொள்ள, மறு விளிம்பு தன் நிழலிலேயே அமிழ்ந்திருக்கிறது.

மெல்லிய பென்சில் கோட்டால் புற உருவமும் நரம்புகளும் வரைந்தானதும், இலையின் பரப்பு முழுவதையும் வெறும் தண்ணீரால் நனைக்க வேண்டும். ஒளி பட்டுப் பளிச்சென்று வெளுத்துத் தோன்றுகிற இடத்தை மட்டும் உலர்ந்தபடியே விட்டுவிட வேண்டும். இப்போது அவசரம் கூடாது. தண்ணீர் குளம் கட்டி நிற்கும்போது வர்ணத்தை விட்டால் அது கட்டுக்கடங்காமல் ஓடிவிடும். காகிதம் உலர்ந்துபோன பின் விட்டால் விளிம்பு கோடாக நின்றுவிடும். பாகு வைக்கிறவள் கம்பிப் பதத்துக்காகக் கண்ணை எடுக்காமல் காத்திருப்பதுபோல், காகிதத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்து, அதன் மினுமினுப்பு மங்கி, பட்டுப்போன்ற மெருகு மட்டும் எஞ்சியிருக்கும் தருணத்தில் மஞ்சளையும், அதற்குப் பக்கத்தில் ஆரஞ்சையும், அதற்கப்பால் சிவப்பையும் தொட்டுத் தொட்டு விட்டுவிட்டு, அவை தாமாகவே ஒன்றிலொன்று கலக்கும்படி கையை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கலப்பை மனிதன் எவ்வளவு சிரமப்பட்டாலும் பிரஷ்ஷால் செய்ய முடியாது. மரத்திலே பச்சையம் குறைந்து மற்ற நிறங்கள் படிப்படியாக மேலெழுந்தபோது இலையில் நடந்ததன் சாயல் ஈரக் காகிதத்தில் தானே விழுந்துவிடுகிறது. ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளுத்துவிடும் என்பதை நினைவில் வைத்து, வேண்டியதைவிட ஒரு மாற்றுக் கூடுதலாகவே விடுவது வழக்கம்.

நன்றாகக் காயும் வரையில் அதைத் தொடக்கூடாது. காய்ந்ததா என்று அறியப் புறங்கையை மெல்ல வைத்துப் பார்ப்பார்கள்; குளிர்ச்சி தட்டினால் உள்ளே ஈரம் இருக்கிறது. இந்த இடத்தில் நம் சீதோஷ்ணம் வேடிக்கை காட்டும். சித்திரை மாதத்து உச்சிப் போதில் பிரஷ் காகிதத்தின் மறுகோடியை எட்டுவதற்குள் இந்தக் கோடி உலர்ந்துவிட, ஐப்பசி அடைமழையில் காலையில் விட்ட வர்ணம் பகல் சாப்பாடு ஆகியும் உலராமல் கிடக்கும். இங்கிலாந்திலே எழுதப்பட்ட பயிற்சிப் புத்தகங்களில் சொல்லிய நிமிஷக் கணக்குகளை நம்பி நம்மவர்கள் ஏமாறுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது கட்டந்தான் இலைக்கு உடல் கொடுக்கிறது. நரம்புகள் பெரும்பாலும் இலைப்பரப்பைவிட வெளுத்த நிறமுள்ளவை. அவற்றை வெளிர் நிறத்தால் மேலே வரைய முயல்கிறவர்கள், இலைமேல் நூல் ஒட்டியதுபோன்ற தோற்றத்தையே அடைவார்கள். வரைய வேண்டியது நரம்பையன்று, நரம்புகளுக்கு இடைப்பட்ட பாத்திகளை. ஒவ்வொரு பாத்தியிலும் நரம்பையொட்டிய ஓரத்தில் அடர்ந்த நிறத்தை வைத்து, ஈரமான சுத்தப் பிரஷ்ஷால் மறு ஓரத்தை நோக்கி அதைக் கரைத்துவிட்டால், பாத்தி தலையணைபோல் உப்பி எழ, விட்டுவைத்த மெல்லிய கோடு தானே நரம்பாகிவிடும். சிவப்பை இருளாக்கக் கறுப்பைக் கலக்காமல் கொஞ்சம் பச்சையைக் கலக்க வேண்டும். எதிர்நிறங்கள் ஒன்றையொன்று அடக்கிப் பிறக்கும் கருமைக்கு உயிருண்டு, கட்டிக் கறுப்புக்கு அது இல்லை. பூச்சி அரித்த துளைகளும், கருகிய திட்டுக்களும், காம்பின் முறிவும் கடைசியில். பிரஷ்ஷிலுள்ள ஈரத்தையெல்லாம் துணியில் ஒற்றியெடுத்துவிட்டு, எஞ்சிய வர்ணத்தால் காகிதத்தின் மேடுகளை மட்டும் உரசிச் செல்லும் உலர் பிரஷ் முறை இங்கே கைகொடுக்கும். அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வையெத், டியூரரின் முயலையும் புல்லையும் போற்றி மனத்தில் வைத்துக்கொண்டு, காய்ந்த புல்வெளிகளையும் மரப்பட்டைகளையும் தீட்டிய வழி இதுவே.

பச்சை இலையில் வேறொரு சூட்சுமம் உண்டு. பாலெட்டில் கிடைக்கும் தயார்ப் பச்சையை அப்படியே பூசினால் தோட்டம் முழுவதும் ஒரே கடையில் சாயம் தோய்த்ததாகத் தோன்றும். வானத்தை நோக்கித் திரும்பிய இலையின் மேற்பரப்பு வானத்தின் நீலத்தையே பிரதிபலிக்கிறது. வெயிலுக்கு எதிரே பிடித்த இலையோ, தன் வழியாக ஊடுருவி வரும் ஒளியால் மஞ்சளாகக் கனிகிறது. ஒரே வாழையிலையில் இந்த இரண்டு பச்சைகளும் அடுத்தடுத்து நிற்பதைக் காலை வேளையில் எவரும் காணலாம். முதலாவதற்கு நீலத்தின் மெல்லிய படலமும், இரண்டாவதற்கு மஞ்சளின் ஒளிமிகுந்த படலமும் அடியில் வேண்டும். மேலே வரும் பச்சை இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம்.

இலைமேல் நீர்த்துளி வரைந்துவிட்டால் பார்ப்பவர்கள் கைதட்டுகிறார்கள். அது வித்தை காட்டுவதற்கென்றே செய்யும் காரியமாக ஆகிவிட்டதால் எனக்கு அதன்மேல் அவ்வளவு ஈடுபாடு இல்லை. எனினும் அதன் நியாயம் அழகானது. ஒளி இடப்பக்கத்து மேல்மூலையிலிருந்து வருமானால், துளியின் இடப்பக்கமே வெளுத்திருக்கும் என்று எல்லோரும் எண்ணுவார்கள். ஆனால் துளி ஒரு வில்லையாதலால், ஒளியை உள்வாங்கி மறுபக்கத்தில் குவித்துவிடுகிறது. ஆகையால் ஒளி வரும் பக்கம் உள்ளே இருண்டும், எதிர்ப்பக்கம் உள்ளே பிரகாசித்தும் இருக்க, இருண்ட பக்கத்தில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் பளிச்சிடும். துளிக்கு வெளியே விழும் நிழலின் நடுவிலும் சற்று வெளிச்சம் கசியும். இதைக் கண்டுகொண்டவருக்கு, சுற்றியுள்ள இலைநிறத்தையே கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் வைத்தால் போதும். துளிக்கென்று தனி நிறம் கிடையாது. தாமரை இலைத் தண்ணீருக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அங்கே இலையின் நுண்மேடுகளின்மேல் துளி நிற்பதால், இடையிலே அகப்பட்ட காற்றுப் படலம் கண்ணாடியாகி, துளியின் அடிவயிறு வெள்ளியாக மின்னுகிறது. பற்றற்றவர்களுக்கு அதை உவமை சொன்ன நம் முன்னோர் அந்த வெள்ளியையும் கண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

பறவையின் இறகு இதைவிடக் கடினம். நம் பனங்காடைக்கு நெருங்கிய உறவான ஐரோப்பியப் பறவை ஒன்றின் சிறகை டியூரர் மெல்லிய தோலின்மேல் தீட்டியிருக்கிறார். அந்த நீலம் இறகில் ஊறிய சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் வருவது. நிறமே இல்லாத இடத்தில் பிறக்கும் நிறத்துக்குக் கட்டி வர்ணத்தில் நேரான ஈடு கிடையாது. ஆகவே அருகிலே மங்கிய பழுப்பையும் துருச் சிவப்பையும் நிறுத்தி, அவற்றின் எதிரொலியால் நீலம் கொழுந்துவிடும்படி செய்வதே உபாயம்.

இதுவரை சொன்னவையெல்லாம் கண்ணுக்குத் தோன்றுவதைத் தோன்றியபடியே காட்டும் வழி. இன்னொரு பரம்பரை உண்டு. தாவர சாஸ்திரத்துக்காக வரைகிறவர்கள் நிழலில் அமிழ்ந்தது என்று எதையும் விட்டுவிட முடியாது. இலையின் மேற்புறம், அடிப்புறம், மொட்டு, மலர், காய், விதை யாவும் ஒரே காகிதத்தில், ஒரே தெளிவோடு வேண்டும். எந்தக் காமிராவும் எந்தக் கண்ணும் ஒரே நேரத்தில் இவற்றைக் காண்பதில்லை. பூவும் பழமும் ஒரே மாதத்தில் வராத செடிக்கு, ஓவியர் மாதங்களையே ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிடுகிறார். புகைப்படம் வந்து நூற்றாண்டுக்கு மேலான பின்பும் தாவரத் தோட்டங்கள் ஓவியர்களை வைத்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

அந்தப் பரம்பரையில் பெர்டினாண்டு பௌவர் என்னும் ஆஸ்திரியரின் ஞாபகசக்தியைக் குறித்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1760-ல் பிறந்த அவர், சிப்தார்ப் என்னும் ஆக்ஸ்போர்டு பேராசிரியரோடு கிரேக்க நாட்டிலும் அதைச் சுற்றிய தீவுகளிலும் 1786, 1787 ஆண்டுகளில் அலைந்தபோது, வழியிலே வர்ணம் தீட்டிக்கொண்டிருக்க நேரமில்லாமையால், செடியைப் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு இலையின்மேலும் இதழின்மேலும் சிறு சிறு எண்களைக் குறித்துக்கொண்டார். ஒவ்வோர் எண்ணும் ஒரு நிறம். ஊர் திரும்பிய பின் அந்த எண்களைப் பார்த்தே அவர் தீட்டிய சித்திரங்கள், 966 படங்களோடு வெளிவந்த ஒரு மகத்தான கிரேக்கத் தாவர நூலுக்கு அடிப்படையாயின. பிறகு 1801-ல் பிளிண்டர்ஸ் என்னும் மாலுமியின் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது, அவருடைய நிறக் கணக்கு ஏறத்தாழ 1000 எண்களை எட்டிவிட்டது. பச்சையிலே மட்டும் எத்தனையெத்தனை வேறுபாடுகளை அவர் பெயர் வைக்காமலே பிரித்தறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கும்போது, நாம் பச்சை என்ற ஒரே சொல்லால் தோட்டத்தையும் வயலையும் காட்டையும் கடந்துபோகிற அலட்சியம் நன்கு விளங்குகிறது.

இதே காலத்தையொட்டி நம் சென்னை ராஜதானியிலும் இக்கலை உயர்ந்த நிலையை அடைந்திருந்தது என்பது நம்மில் பலர் கேள்விப்படாத செய்தி. கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி சர்ஜனாக 1819-ல் சென்னைக்கு வந்த ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், உத்தியோகம் எதுவாயினும் செடிகளைத் தேடுவதையே உள்ளூர விரதமாகக் கொண்டிருந்தார். பிற்காலத்தில் கோயமுத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் வேலையை ஏற்றபோதும் அந்த விரதம் கலையவில்லை. அவருக்காக முதலில் ரங்கையா என்பவரும், 1840-களின் நடுப்பகுதிக்குப் பிறகு கோவிந்து என்பவரும் செடிகளை வரைந்தார்கள். வைட் கல்லச்சுக் கலையைத் தாமே கற்றுக்கொண்டு, அந்தச் சித்திரங்களைச் சென்னையிலேயே அச்சிட்டு, 1838 முதல் 1853 வரையில் ஆறு பாகங்களாக வெளியிட்ட ‘ஐகோனெஸ்’ என்னும் நூலில் 2101 படங்கள் இருக்கின்றன. அவற்றின் அடியோரத்தில் பொடி எழுத்தில் ரங்கையாவின் பெயரையும் கோவிந்துவின் பெயரையும் காணலாம். கம்பெனி அதிகாரிகளுக்காக உழைத்த இந்திய ஓவியர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாமலே மறைந்துபோன நிலையில், வைட் இவ்விருவரின் பெயரையும் அச்சேற்றியது அவருக்குப் பெருமை.

இவர்களுடைய மூலச் சித்திரங்களில் ஐரோப்பிய முறையும் நம் சம்பிரதாயமும் சண்டையில்லாமல் சேர்ந்து வாழ்கின்றன. செடி காகிதத்தின் விளிம்புகளுக்குள் ஓர் அலங்காரம்போல் வளைந்து நிறைந்து நிற்கிறது; ஓரிலை மட்டும் திரும்பி, தன் அடிப்புறத்து வெளிர் பச்சையை நமக்குக் காட்டுகிறது; நிழல் என்பது கீழே விழுவதற்காக இல்லாமல், உருட்சியை உணர்த்துவதற்கு வேண்டிய அளவே இருக்கிறது. டியூரரின் புல்லில் ஈரமண்ணின் வாசனை வருமானால், ரங்கையாவின் கிளையில் அந்த இனத்துச் செடிகள் அனைத்துக்கும் பொதுவான லட்சணம் ஒரே செடியின் முகத்தில் தெரிகிறது. அவர் காற்றையும் வெயிலையும் விட்டுவைத்தார். செடியில் ஒன்றையும் விடவில்லை. கண்ணை மயக்கும் சித்திரத்துக்கே நாம் பெரும்பாலும் கைதட்டிப் பழகிவிட்டோம். செடியை அறிந்துகொண்டு வரைந்த இந்த வகையைக் கைவேலை என்று ஒதுக்கியது நியாயமாகாது. ஸ்காட்லாந்துக்காரர் அதை உணர்ந்திருந்தார் போலும்; ஒருவகை ஆர்கிட் செடிக்குக் கோவிந்துவின் பெயரையே இனப்பெயராக வைத்து, ‘கோவிந்தூயியா’ என்று 1853-ல் வெளியிட்டார். பின்வந்த சாஸ்திரிகள் அந்த இனத்தை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டதால் இன்று அந்தப் பெயர் வழக்கில் இல்லை.

நீர்வர்ணத்துக்கு உள்ள பெரும் பகை வெளிச்சம். இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு விஞ்ஞானிகள் 1888-ல் அரசாங்கத்துக்குச் சமர்ப்பித்த அறிக்கையில், பல வர்ணங்கள் வெயிலில் வெளுத்துப்போவதையும், ஆனால் காற்றும் ஈரமும் நீக்கிய குழாய்க்குள் வைத்தால் அவற்றுள் அநேகம் அவ்வளவாக மாறாதிருப்பதையும் சோதித்துக் காட்டினார்கள். வெயிலும் ஈரக்காற்றும் இரண்டும் தாராளமாக உள்ள நம் கடற்கரை ஊர்களில், கூடத்துச் சுவரில் ஜன்னலுக்கு எதிரே நீர்வர்ணப் படத்தை மாட்டிவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாங்கும்போதே வெளுக்காத வர்ணந்தானா என்று டியூப்பின்மேல் உள்ள குறியைப் பார்த்துக்கொள்வதும், படத்தைக் கண்ணாடிக்குள் அடைத்து உள்சுவரில் மாட்டுவதும் போதுமான பாதுகாப்பு.

ரங்கையாவும் கோவிந்துவும் தீட்டிய மூலச் சித்திரங்களின் பெருந்தொகுதி எடின்பரோ தாவரத் தோட்டத்தில் பாதுகாப்பாக இருக்கிறது. கியூ தோட்டத்திலும் சில உண்டு. இங்கே நம் கல்லூரி நூல்நிலையங்களில் கிடைக்கும் ‘ஐகோனெஸ்’ பாகங்களின் படங்களோ வர்ணமேற்றாத கறுப்புக் கோடுகள் மாத்திரம். ஆகையால் தாவர சாஸ்திர மாணவர்கள் கோவிந்துவைக் கோட்டோவியராக மட்டுமே அறிந்திருக்க, சித்திரக் கல்லூரி மாணவர்களோ அவரை அறிவதே இல்லை. மூலங்களின் நல்ல வர்ணப் பிரதிகளை வரவழைத்து இரு சாராருக்கும் பொதுவாக வைப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. அவர் வரைந்த செடிகளுள் பல நீலகிரியிலும் கோயமுத்தூர் மலைச்சாரல்களிலும் இன்றும் பூத்துக்கொண்டிருப்பதால், பிரதியைக் கையில் எடுத்துச் சென்று, செடியின் பக்கத்தில் பிடித்து, இலையின் அடிப்புறத்தைத் திருப்பி, அவர் வைத்த பச்சை சரிதானா என்று மாணவர்கள் தாங்களே பரீட்சித்துக்கொள்ளலாம்.